கடைசிப் பெயர் கட்டாயம்



இந்த வார எபிசோட் முழுக்க 'லைக்' பட்டன் புராணம்தான். 2009 பிப்ரவரியில் ஃபேஸ்புக்கில் அது வந்தது, அதற்கு முன்னால் கம்பெனிக்குள்ளே அதை 'ஆசம்' பட்டன் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பத்து வருஷம் கழித்து இன்ஸ்டாகிராம் கனடாவில் லைக் எண்ணிக்கையை மறைத்துப் பார்த்தது, இதெல்லாம் கேட்டிருப்பீங்க. நாலு பேர் பாராட்டணும், மதிக்கணும்னு மனுஷன் ஏன் இப்படி அலையிறான்னு நாங்க ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் அலசினோம். மாஸ்லோவின் முக்கோணம்கூட வந்துபோச்சு. (1943ல் எழுதின அந்தக் கட்டுரையில் மாஸ்லோ முக்கோணமே வரையல. அது பின்னாடி வந்தவங்க கைவண்ணம்.)

ஆடியோவை எடிட் பண்ணிட்டிருக்கும்போது ஒண்ணு தோணிச்சு. லைக்குக்கு முன்னாடி இன்னொரு படி இருக்கு. நீங்க யாருன்னு எதிராளி சரியாத் தெரிஞ்சுக்கிறது. அதுக்கு முதல்ல உங்க பேர் தெரியணும்.

ஜெர்மன் தத்துவவாதி ஆக்ஸல் ஹோனெத், 1992ல் வந்த தன்னுடைய புத்தகத்தில் அங்கீகாரத்தை மூணாப் பிரிக்கிறார். நெருங்கினவங்க தர்ற அன்பு, சட்டம் தர்ற உரிமை, நம்ம திறமைக்கும் பங்களிப்புக்கும் சமூகம் தர்ற மதிப்பு. லைக், பதவி, விருது எல்லாம் மூணாவது வகை. அதுக்குத்தான் எல்லாரும் கட்டுரை எழுதுறாங்க. ரெண்டாவது வகையைப் பத்தி யாரும் பெரிசாப் பேசறதில்ல, ஏன்னா அது கிடைச்சவங்களுக்கு அது இருக்கிறதே தெரியாது. ஒரு ஃபார்ம் உங்க பேரைக் கேக்குது, நீங்க எழுதுறீங்க, அது வாங்கிக்குது. அவ்வளவுதான். அது வாங்கிக்காதபோதுதான் தெரியும்.

நான் நெதர்லாந்தில் ஐடி கான்ட்ராக்டர். ஆறு மாசம், ஒரு வருஷத்துக்கு ஒரு கிளையன்ட். ஒவ்வொரு இடத்திலும் முதல் நாள் எனக்குப் புதுசாப் பேர் வைப்பாங்க. நான் ஊர்ல எல்லாரையும் போல ஒரு இனிஷியல், ஒரு பேர். அந்த இனிஷியலை விரிச்சா அப்பா பேர். பாஸ்போர்ட்டில் அப்பா பேர் 'சர்நேம்' கட்டத்தில் போய் உக்காந்திருக்கு. அதனால ஒரு ஆபீஸில் என் மின்னஞ்சல் அப்பா பேரில் தொடங்கிச்சு, டீமில் எல்லாரும் அப்பா பேரைச் சொல்லியே கூப்பிட்டாங்க. நம்ம வீட்டில் அப்பாவைப் பேர் சொல்லிக் கூப்பிட அம்மாவே யோசிப்பாங்க. இங்கே இருபத்தஞ்சு வயசுப் பையன் ஒருத்தன் காலையில் சாட்டில் வந்து, அப்பா பேரைச் சொல்லி, "பில்டு உடைஞ்சிருக்கு, நீதானே?" என்கிறான். ஊர்ல ரிட்டயர் ஆகி, செடிக்குத் தண்ணி ஊத்திக்கிட்டு இருக்கிற மனுஷனுக்கு இங்கே தினமும் ஜிரா டிக்கெட் வந்துட்டிருந்தது. இன்னொரு கம்பெனியில் இனிஷியலே முதல் பேர் ஆயிடுச்சு. கழுத்துல தொங்கின அட்டையில் வெறும் ஒரு எழுத்து, ஒரு புள்ளி. காஃப்கா நாவலுக்குள்ள வேலைக்குச் சேர்ந்த மாதிரி இருந்தது.

இது வரைக்கும் சிரிச்சுட்டுப் போயிடலாம். ஒரு தடவை சிரிப்பு வரல. இன்வாய்ஸில் ஒரு வரிசையில் பேர், வங்கிக் கணக்கில் வேற வரிசை, டிகிரி சான்றிதழில் வெறும் இனிஷியலோட. கிளையன்ட்டின் கணக்குப் பிரிவு மூணும் மூணு ஆளுன்னு முடிவு பண்ணி பில்லை நிறுத்தி வச்சுட்டாங்க. மூணு வாரம். அந்த மாச வாடகைக்கு நண்பன்கிட்ட கைமாத்து வாங்கினேன். நான் நானேதான்னு நிரூபிக்க ஏழு ஆவணம் அனுப்பினேன். கடைசியா வந்த பதிலும் அப்பா பேருக்குத்தான் வணக்கம் சொல்லிச்சு.

இது இனிமே குறையப் போறதில்ல, கூடத்தான் போகுது. யூரோ பயன்படுத்தும் நாடுகளில் 9 அக்டோபர் 2025 முதல், நீங்க பணம் அனுப்பும்போது பெறுபவர் பேரும் கணக்கு எண்ணும் பொருந்துதான்னு வங்கி சோதிச்சே ஆகணும். பொருந்துது, ஓரளவு பொருந்துது, பொருந்தல என்று பதில் வரும். மோசடியைத் தடுக்க வந்த நல்ல விதி, எனக்கு அதில் சண்டையே இல்ல. ஆனா 'ஓரளவு பொருந்துது' என்கிற அந்த நடுக் கட்டத்துல யார் அதிகமா நிப்பாங்கன்னு நினைக்கிறீங்க?

சரி, நமக்கு ஏன் கடைசிப் பெயர் இல்ல? உங்கள்ல பல பேர் இதை அம்மா அப்பாகிட்ட கேட்டிருப்பீங்க. "அது அப்படித்தான்" என்று பதில் வந்திருக்கும். அது அப்படியே இருந்ததில்ல.

அப்பா பேரை முன்னால் போட்டுக்கிற பழக்கம் நம்ம ஆளுங்ககிட்ட ரொம்ப நாளா உண்டு. ஆனா தமிழ்நாட்டில் நூறு வருஷத்துக்கு முந்தின ஆளுங்க பேரைப் பாருங்க. இனிஷியல், பேர், அதுக்குப் பின்னால சாதி. முதலியார், பிள்ளை, நாயக்கர், நாடார், ஐயர். அந்த வாலைச் சொன்னா போதும், எதிராளி உங்களை எங்கே உக்கார வைக்கணும், உக்கார வைக்கலாமா கூடாதான்னே முடிவு பண்ணிடுவார். பேரே ஒரு அட்டை மாதிரி. சிலருக்கு மரியாதை வாங்கித் தந்தது, பல பேருக்கு அவமானம் வாங்கித் தந்தது.

1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு நடந்தது. தலைமை டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன். பேருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுறதை விடணும்னு அங்கே தீர்மானம் போட்டாங்க. தலைவரே 'நாடார்' என்பதை விட்டார். ஈ.வெ.ரா. 'நாயக்கர்' என்பதை விட்டார். அடுத்த தலைமுறை, அதுக்கடுத்த தலைமுறையில் தமிழ்நாட்டில் பேருக்குப் பின்னால் சாதி போடுறது கொஞ்சம் கூச்சமான விஷயமாவே ஆயிடுச்சு. சாதி ஒழிஞ்சுதான்னா இல்ல. பேரில் இல்லாதது கல்யாண விளம்பரத்தில் முதல் வரியில் இருக்கு. ஆனாலும் வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது நாற்பது பிள்ளைங்களும் இனிஷியல், பேர் என்று ஒரே அளவில் நிக்கிறது சின்ன விஷயமில்ல. வட இந்தியாவிலிருந்து வந்த சக ஊழியர்கள் முதல் நாளே "உங்க சர்நேம் என்ன?" என்று கேப்பாங்க. சில சமயம் அது வெறும் கேள்வி. சில சமயம் அது வேற கேள்வி. நம்மகிட்ட பதில் இல்லாம இருக்கிறதுதான் அங்கே நம்ம பதில்.

இலங்கைத் தமிழருக்கு இந்தக் கதை அப்படியே பொருந்தாது. அங்கே வேற வரலாறு. ஆனா முடிவு ஒண்ணுதான். அப்பா பேர் முன்னாடி, உங்க பேர் பின்னாடி, குடும்பத்துக்குன்னு ஒட்டிக்கிட்டே வர்ற பேர் கிடையாது.

இப்ப அந்த வெற்றிடத்தை ஒரு டேட்டாபேஸ்கிட்ட காட்டுங்க. சிவப்புல எழுதும்: 'கடைசிப் பெயர் கட்டாயம்'. யாரோ ஒரு டெவலப்பர் அந்த நெடுவரிசை காலியா இருக்கக்கூடாதுன்னு ஒரே ஒரு நிபந்தனை போட்டிருப்பார், அவ்வளவுதான். அவருக்குச் செங்கல்பட்டு தெரியாது. தெரியணும்னு எதிர்பார்க்கவும் முடியாது. ஆனா விளைவைப் பாருங்க. ஒரு இயக்கமே கூடி, சண்டை போட்டு, காலி பண்ணி வச்ச இடம். அதை கம்ப்யூட்டர் 'பிழை' என்கிறது.

ஊர் ஊரா இந்தப் பிழை வேற வேற வேஷம் போடும். பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டம் காலியா இருக்கிறவருக்கு அமெரிக்க விசா அடிக்கும்போது, இருக்கிற ஒரே பேரை சர்நேமாக்கிட்டு, முதல் பேர் இடத்தில் 'எஃப்என்யூ' என்று போடுவாங்க. முதல் பேர் தெரியவில்லை என்று அர்த்தம். அமெரிக்காவில் 'ஃப்னூ' என்றே அழைக்கப்பட்டு அலுத்துப்போன தமிழர்கள் ஏராளம். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒத்தைப் பேர் மட்டும் இருக்கிறவங்களுக்கு சுற்றுலா விசாவில் நுழைவு இல்லன்னு சொல்லிச்சு. அப்புறம், பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பேரோ குடும்பப் பேரோ இருந்தா பரவாயில்லன்னு தளர்த்தினாங்க. மலேசியத் தமிழருக்கு பேரின் நடுவில் 'ஏ சாய்கோடு எல்' வரும். 'அனாக் லெலாகி', அதாவது மகன் என்பதன் சுருக்கம். பெண்ணுக்கு 'ஏ சாய்கோடு பி'. நாட்டு அடையாள அட்டையில் முறையா அச்சான பேர், ஆனா அந்தச் சாய்கோட்டைக் கண்டதும் பாதி விமான டிக்கெட் தளங்கள் 'செல்லாத எழுத்து' என்று துப்பிடும். இந்தோனேசியாவில் சுகர்ணோ, சுகார்த்தோன்னு ஒத்தைப் பேர் ரெண்டு ஜனாதிபதிகள் ஆண்டாங்க. அங்கேயே 2022ல் ஒரு விதி வந்தது, புதுசாப் பதியிற பேரில் குறைந்தது ரெண்டு சொல் இருக்கணும்னு.

இதில் எனக்கு ரொம்ப சுவாரஸ்யமாப் பட்டது நெதர்லாந்துதான். இங்கத்திய ஃபார்மில் ரெண்டு கட்டம் இல்ல, மூணு. முதல் பேர், கடைசிப் பேர், நடுவில் 'டுஸன்ஃபூக்ஸல்' என்று தனிக் கட்டம். 'ஃபன்', 'டெ', 'ஃபன் டென்' மாதிரியான ஒட்டுச் சொற்களுக்கு. 'ஃபன் டென் பெர்க்' என்கிறவரை இந்த ஊர் பட்டியலில் 'பெ'யில்தான் தேடணும், 'ஃப'வில் இல்ல. பெல்ஜியத்தில் அப்படியே தலைகீழ். இதுக்காக ஒரு தனி நெடுவரிசை, தனி வரிசைப்படுத்தும் முறை, எல்லா மென்பொருளிலும். யாரும் இதைச் சலுகைன்னு சொல்றதில்ல. அவங்க பேர் அப்படி, மென்பொருளும் அப்படி. ஒரு சமூகத்தின் பேர் வழக்கத்தை கம்ப்யூட்டரில் கொண்டுவர முடியாதுன்னு யாராவது சொன்னா, நான் இந்தக் கட்டத்தைத்தான் காட்டுவேன்.

இதைவிட வேடிக்கை, இவங்களும் ஒரு காலத்தில் நம்மள மாதிரிதான் இருந்தாங்க. ரெம்பிராண்ட் முழுப் பேர் ரெம்பிராண்ட் ஹார்மன்ஸோன் ஃபன் ரைன். ஹார்மன்ஸோன் என்றால் ஹார்மனின் மகன். அச்சு அசலா நம்ம இனிஷியல். 1633 வாக்கிலிருந்து மனுஷன் ஓவியத்தில் வெறும் 'ரெம்பிராண்ட்' என்று ஒத்தைப் பேரில் கையெழுத்துப் போட்டார். இன்னிக்கு அவர் ஆன்லைனில் மியூசியம் டிக்கெட் வாங்கப் பார்த்தா சிவப்பு எழுத்து வந்து நிக்கும்.

மாத்தினது நெப்போலியன். 1810ல் நெதர்லாந்தை பிரான்ஸோட சேர்த்துக்கிட்டார். 1811 ஆகஸ்டில் ஒரு ஆணை: குடும்பப் பேர் இல்லாதவங்க எல்லாரும் ஒண்ணைப் பதிவு பண்ணணும். வரி, ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பு, எல்லாத்துக்கும் ஆளை அடையாளம் காணணுமே. நகரங்களில் பல பேருக்கு ஏற்கனவே குடும்பப் பேர் இருந்தது. வடக்கே ஃப்ரீஸ்லாந்து பக்கம் நிறைய பேருக்கு அப்பா பேர் மட்டும்தான். அப்படிப்பட்டவங்க குடும்பத்தில் அன்னிக்கு இருந்த அப்பா பேர், அப்படியே உறைஞ்சு குடும்பப் பேர் ஆயிடுச்சு. இந்த நாட்டில் மிகப் பரவலான குடும்பப் பேர்களில் ஒண்ணு யான்ஸன். யானின் மகன். நிஜத்தில் யான் என்கிற அப்பா செத்து எத்தனையோ தலைமுறை ஆச்சு. பெண்களும் யான்ஸன், பேத்திகளும் யான்ஸன்.

இதைப் படிச்சப்பதான் எனக்குப் பொறி தட்டிச்சு. புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கு 1811 இப்பதான் நடந்துக்கிட்டிருக்கு. ஒரு உதாரணம் வச்சுக்குவோம். தாத்தா கந்தையா. அவர் மகன் சிவலிங்கம், எண்பதுகளில் ஐரோப்பா வந்தார். வந்த இடத்தில் அவர் சிவலிங்கம் கந்தையா. மகளைப் பதியும்போது ஒரு வீட்டில் நிலா சிவலிங்கம் ஆகிறாள், இன்னொரு வீட்டில் நிலா கந்தையா. முதல் வீட்டில் ஸ்கூல் டீச்சர் அப்பாவை 'மிஸ்டர் சிவலிங்கம்' என்பார், வங்கி 'மிஸ்டர் கந்தையா' என்கும், விமான நிலையத்தில் "குழந்தை உங்களுடையதா?" என்று கேப்பாங்க. ரெண்டாவது வீட்டில் சிக்கல் இல்ல. ஆனா யாழ்ப்பாணத்தில் ஒரு கிராமத்தைத் தாண்டாத கந்தையா, ரோட்டர்டாமில் ஒரு வம்சத்துக்கே பேர் ஆயிடுறார். நிலாவோட பேரப்பிள்ளைங்களும் கந்தையாதான், அவர் யாருன்னே தெரியாம.

இதில் எது சரி, எது தப்புன்னு நான் தீர்ப்பு சொல்லப் போறதில்ல. ஆனா ஒரு விஷயத்தில் எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. 'கடைசிப் பேர் கேக்குறாங்களே' என்கிற சாக்கில் பழைய வால் திரும்பி வரக் கூடாது. நான் பார்த்திருக்கேன். இங்கே ஒரு வீட்டில் குழந்தை பிறந்தது, நகராட்சியில் என்ன பேர் பதியலாம்னு பேச்சு. தாத்தா வீடியோ காலில் வந்து, "நமக்குன்னு ஒரு பட்டப் பேர் இருக்கே, அதைப் போடு, கம்பீரமா இருக்கும்" என்றார். மூணு தலைமுறையா யாரும் எழுதாத சொல். நல்ல மனுஷன், தங்கமான தாத்தா, அவருக்கு அது பெருமை மட்டும்தான். அந்தப் பெருமைக்குக் கீழே யார் யார் நின்னாங்கன்னு அந்தக் குழந்தைக்கு இருபது வயசாகும்போது வகுப்புத் தோழன் ஒருத்தன் சொல்லித் தெரிய வேண்டாம். அம்மா பட்டுனு, "வேண்டாம் மாமா, என் பேரைப் போடுறோம்" என்றார். போட்டாங்க. அம்மா பேர் கடைசிப் பேர். மாமா ரெண்டு நாள் பேசல, அப்புறம் சரியாயிட்டார்.

அடுத்து உச்சரிப்பு. 'ழ' வச்ச பேர்க்காரங்க கை தூக்குங்க. நம்ம ஆளுங்க 'இசட் எச்' என்று எழுதிவச்சதை இங்கே எல்லாரும் ரஷ்யப் பேர் மாதிரி வாசிக்கிறாங்க. அதனால காபிக் கடைக்குன்னு ஒரு பேர், ஆபீஸுக்குன்னு ஒரு பேர், அம்மம்மாவுக்குன்னு ஒரு பேர். பேரைச் சுருக்கிக்கிறது துரோகம் மாதிரி சில பெரியவங்க பேசுவாங்க. எனக்கு அது ஒப்பவே ஒப்பாது. நீங்களா சுருக்கினா அது செல்லப் பேர். மேனேஜர் முதல் மீட்டிங்கிலேயே, "இது ரொம்ப நீளம், உன்னை 'சாம்'னு கூப்பிடவா?" என்று கேட்டா அது வேற. அவர் டாஸ்டோயெவ்ஸ்கியை முழுசா உச்சரிக்கிற ஆளா இருப்பார், அதையும் கவனிச்சிருக்கேன்.

பேரை மாத்திக்கிறவங்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரல. ஃபிலிப் ஓரியோபூலஸ் என்கிற பொருளாதார ஆய்வாளர் டொரொன்டோவில் ஆயிரக்கணக்கான போலி ரெஸ்யூமே அனுப்பிப் பார்த்தார். 2011ல் அந்த ஆய்வு வெளிவந்தது. கனடாவிலேயே படிப்பு, கனடாவிலேயே அனுபவம், பேர் மட்டும் வேற. சீன, இந்திய, பாகிஸ்தானியப் பேர்களைவிட ஆங்கிலப் பேருக்கு மூணில் ஒரு பங்குக்கும் மேல அதிகமா அழைப்பு வந்தது. அந்தப் பிள்ளைங்க பேசுற ஆங்கிலத்தை யாரும் கேக்கவே இல்ல. பேரோட நின்னுபோச்சு.

பிரிட்டனில் 2024ல் 'நான் எழுத்துப்பிழை அல்ல' என்று ஒரு இயக்கம் தொடங்கினாங்க. தன் பேருக்குக் கீழே தினமும் சிவப்பு நெளிகோடு வர்றதைப் பார்த்துச் சலிச்சவங்க. அகராதியில் இந்தப் பேர்களையும் சேருங்கன்னு பெரிய கம்பெனிகளைக் கேட்டாங்க. ரொம்பச் சின்னக் கோரிக்கை. ஆனா ஸ்கூலில் தன் பேரைத் தானே டைப் அடிச்சு, 'நீ தப்பு' என்று ஒரு மெஷின் சொல்றதைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அது சின்னதில்ல.

நம்ம வாசகர்களில் பாதிப் பேர் கோட் எழுதுறவங்க, அதனால இது உங்களுக்கு. பேட்ரிக் மெக்கென்ஸி 2010ல் எழுதின, பேர்களைப் பத்தி புரோகிராமர்கள் நம்புற பொய்கள் என்கிற பதிவைக் கண்டிப்பாப் படிங்க. நாற்பது பொய்களை வரிசையாப் போட்டிருப்பார். நாற்பதாவது: மனுஷங்களுக்குப் பேர் இருக்கும். அதுவும் பொய்தானாம்! உருப்படியான வழி ஏற்கனவே இருக்கு. டபிள்யூ3சி இதுக்குன்னே ஒரு வழிகாட்டி வச்சிருக்கு. பிரிட்டன் அரசின் டிசைன் சிஸ்டமும் அதையேதான் சொல்லுது: முடிஞ்சா முழுப் பேருக்கு ஒரே கட்டம் வைங்க. கடிதத்தில் எப்படி அழைக்கணும்னு தெரியணுமா, அதைத் தனியாக் கேளுங்க. யூனிகோடில் எந்த எழுத்து வந்தாலும் வாங்கிக்கோங்க. பாஸ்போர்ட்டின் அடியில் மெஷின் படிக்கிற வரியில் பேருக்கு 39 இடம்தான், அதுவும் ஆங்கில எழுத்துதான். அதை நம்மால மாத்த முடியாது. ஆனா விமான நிலையத்துக்குப் போகாத ஒரு பீட்சா ஆப்புக்கு எதுக்கு என் அப்பா பேர்?

இப்ப நான் இருக்கிற கிளையன்ட் ஆபீஸில் சேர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி எச்ஆர் பெண் போன் பண்ணி, "கணக்குத் திறக்கிறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. உங்களை நாங்க எப்படிக் கூப்பிடணும்?" என்று கேட்டாங்க. சொன்னேன். திரும்பச் சொல்லிப் பார்த்தாங்க. தப்பு. இன்னொரு தடவை. கொஞ்சம் பக்கத்தில் வந்தது. மூணாவது தடவை சரியாச் சொல்லிட்டு, அவங்க பேரைச் சொன்னாங்க. டச்சு 'ஹ', தொண்டையிலிருந்து இழுக்கணும். எனக்கு நாலு தடவை ஆச்சு.

அடுத்த எபிசோடுக்கு உங்க உதவி வேணும். லிங்க்ட்இனில் பேரை உச்சரிச்சுப் பதிவு பண்ண பத்து விநாடி தர்றாங்க. நாங்களும் அதே பத்து விநாடி தர்றோம். வாய்ஸ் நோட்டில் உங்க பேரை, வீட்டில் எப்படிக் கூப்பிடுவாங்களோ அப்படியே சொல்லி அனுப்புங்க. வெள்ளிக்கிழமை ராத்திரிக்குள்ள வந்தா போதும். கடைசிப் பெயர் கட்டாயமில்லை.